இரண்டாவது தோட்டா

கராடியில் ஆயுத பூஜைக்கு வந்து உட்காரும் ஆயுதங்களைப் பார்த்தால் அர்ஜுனனுக்கே சிரிப்பு வரும். மடிக்கணினி, கார் சாவி, மிக்ஸி, பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸ், காய் நறுக்கும் கத்தி. ஈயான் ஐ.டி. பூங்காவைச் சுற்றி முளைத்த அடுக்குமாடிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, கார் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு சாயங்காலம் அலுவலகத் தொலைபேசிக்குத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு மராட்டியருக்கும் அன்றைக்குத்தான் கண்டே நவமி. வாளின் பேரிலேயே உள்ள நவமி அது. மறுநாள் தசராவுக்கு ஆப்டா இலையைப் பொன் என்று சொல்லிக் கைமாற்றிக்கொள்வார்கள். அந்த ஆப்டா நம் ஊர் ஆத்திதான், சோழர் சூடிய மாலையின் மரம். முளா-முட்டா ஆற்றங்கரை வரைக்கும் வந்தாலும் சோழர் நம்மை விடுவதாயில்லை.

வைத்து வணங்குவதற்கு ஒரு பொருளில் என்ன இருக்கிறது? வாளை வணங்குகிறவன் வாள் செய்த வேலையையும் சேர்த்து வணங்குகிறானா, அல்லது வேலைக்கும் வாளுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துத்தான் பொட்டு வைக்கிறானா? தமிழில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன். பழமொழி அம்பை விடுதலை செய்துவிடுகிறது, பழி மொத்தமும் கைக்குப் போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், இந்தத் தீர்ப்பு அவ்வளவு லேசில் நிற்பதில்லை.

கராடியில் இருக்கும் ஒரு தமிழ் இளைஞன் லீவர் துப்பாக்கியைத் தொடக்கூடிய ஒரே இடம் அவனுடைய கைப்பேசி. பப்ஜி விளையாட்டில் மிராமார் என்ற பாலைவன வரைபடத்தில் 'வின்94' கிடக்கும். வின்செஸ்டர் 1894 மாடலின் நிழல் அது. நிஜத்தில் கிடைப்பது சாமானியமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வதற்கான கதவு 1980-களின் நடுவிலேயே சாத்தப்பட்டுவிட்டது. அதனால் இந்தியாவில் இன்றைக்கு மிச்சமிருக்கும் லீவர் துப்பாக்கிகள் பெரும்பாலும் தாத்தாவின் சொத்தாக வந்தவை. வாங்கினாலும் காட்டில் எதையும் சுட முடியாது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அரிசி போடக் கூடாத உலையைத் தேர்ந்தெடுப்பது மாதிரியான காரியம் இது. இருந்தாலும் அந்தத் தேர்வைச் செய்து பார்த்த ஒருவர் நம் பக்கத்துக் காடுகளிலேயே நடமாடியிருக்கிறார். அவருக்குப் புனேயோடு ஒரு தொடுப்பும் இருந்தது.

கென்னத் ஆண்டர்சன். 1910-இல் பிறந்தவர், பெங்களூர்வாசி, விமானத் தொழிற்சாலை ஊழியர். அவருடைய தகப்பனார் அன்றைய பூனாவில் ராணுவத்தின் சம்பளக் கணக்கு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தார். தகப்பனார் ரூபாய் அணா பைசா எண்ணிய ஊரைப் பிள்ளை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனசு ஜவளகிரி, பென்னாகரம், ஒகேனக்கல், தளி என்று அன்றைய சேலம் மாவட்டத்துக் காடுகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 1939 முதல் 1966 வரை அரசுப் பதிவில் ஏறிய கணக்குப்படி அவர் சுட்ட ஆட்கொல்லிகள் எட்டுச் சிறுத்தை, ஏழு புலி. 1954-இல் தொடங்கி எட்டுப் புத்தகங்கள் எழுதினார், கடைசிப் புத்தகம் அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து 1976-இல் வந்தது. அத்தனையிலும் அவருக்கு நிழலாக வரும் துப்பாக்கி ஒன்றுதான்: .405 வின்செஸ்டர், 1895 மாடல், லீவர் ரகம்.

லீவர் ரகம் என்றால் என்ன என்று ஒரு தடவை விரல் வைத்தே பார்த்துவிடலாம். விசைக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு ஓர் இரும்பு வளையம் தொங்கும். சுட்டதும் அந்த வளையத்தை முன்னும் கீழுமாகத் தள்ள வேண்டும். துப்பாக்கியின் வயிறு திறந்து தொங்குவது போலத் தெரியும். காலித் தோட்டாவின் பித்தளைக் கூடு மேலே துள்ளித் தெறிக்கும், பின்னால் குதிரை தானாக ஏறி நிற்கும். வளையத்தை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் போய் உட்காரும். 'க்ளக்-க்ளக்' என்று இரண்டு சத்தம், அவ்வளவுதான். பழகிய கைக்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகாது. தோளிலிருந்து துப்பாக்கி இறங்க வேண்டியதில்லை, கண்ணும் குறியை விட்டு நகர வேண்டியதில்லை.

இந்த வகையின் பழைய மாடல்கள் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அதில் ஒரு சங்கடம். கூர்முனைத் தோட்டாவைப் போட்டால் பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் வெடிமுனையைக் குத்திக்கொண்டு நிற்கும், துப்பாக்கி உதைக்கும்போது ஆபத்து. அதனால் மழுங்கல் முனைத் தோட்டாவே கதி. மழுங்கல் முனை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், கிட்டத்தில் அடிக்கத்தான் லாயக்கு. ஜான் மோசஸ் பிரௌனிங் 1895-இல் அந்தக் குழாயை எடுத்துவிட்டு வயிற்றுக்குள் ஒரு பெட்டியை வைத்தார், தோட்டாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. இந்த மாடலுக்காகவே 1904-இல் வந்த .405 தோட்டாவின் ஈயக் குண்டு சுமார் 19 கிராம். காவேரிக்கரை முள்ளுக்காட்டில் இருபது முப்பது அடிக்குள் புதரிலிருந்து பாய்ந்துவரும் புலிக்கு இது சரியான ஆயுதம். தூரத்து மலைச்சரிவில் மேயும் ஆட்டைக் குறி பார்க்க வேண்டுமென்றால் வேறு துப்பாக்கியைத்தான் தேட வேண்டும். குமாவோன் மலையில் ஜிம் கார்பெட் 1907-இல் பரிசாகப் பெற்ற .275 ரிக்பி அந்த ரகம், போல்ட்டைத் தூக்கி இழுத்துத் தள்ளுவது. நிதானமாக ஒரே குண்டில் முடிக்கிறவரின் கருவி.

கிட்டத்துக்கு எது, தூரத்துக்கு எது, எந்தக் காட்டுக்கு எவ்வளவு கனமான குண்டு. துப்பாக்கி ரசிகர்கள் மணிக்கணக்காகப் பேசும் விஷயம் இதெல்லாம். வெறும் தொழில்நுட்பப் பேச்சு போல இருக்கும். ஆனால் இதில் ஒவ்வொரு பதிலும் 'சாகப்போகிற உயிர் எவ்வளவு நேரம் சாகும்' என்ற கேள்விக்கான பதில்தான். கனம் போதாத குண்டு கொல்லாது, காயப்படுத்தும். காயப்பட்ட விலங்கு காட்டுக்குள் போய்விடும். கதை அதோடு முடிவதுமில்லை. சம்பாவத் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தி வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்து மேல்கோரைப்பல் பாதி உடைந்திருந்தது, கீழ்கோரைப்பல் எலும்பு வரைக்கும் போயிருந்தது. என்றோ யாரோ சுட்ட குண்டு. மானைப் பிடிக்கப் பல் இல்லாமல் போன புலி மனிதரிடம் வந்தது என்பதுதான் கார்பெட்டின் முடிவு. அந்தப் பெயரில்லாத முதல் துப்பாக்கிக்காரன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். 436 பேர் கணக்கு எந்த ஏட்டிலும் அவன் பேரில் இல்லை.

லீவர் துப்பாக்கியின் பெருமையே அந்த இரண்டாவது தோட்டாதான். முதல் குண்டு தவறினாலும், கொல்லாமல் காயப்படுத்தினாலும், விலங்கு ஒரு தாவு தாவுவதற்குள் இரண்டாவது தயார். இதைக் கருணை என்றும் சொல்லலாம், பேராசை என்றும் சொல்லலாம். அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது இதே .405 வின்செஸ்டரைக் கொண்டுபோனார், சிங்கத்துக்கு இதுதான் மருந்து என்று கொண்டாடினார். அருங்காட்சியகத்துக்கு மாதிரி சேகரிக்கிறோம் என்ற பெயரில் அவரும் மகன் கெர்மிட்டும் அந்தப் பயணத்தில் சுட்ட விலங்குகள் 512. எல்லாம் இந்த ஒரு துப்பாக்கியால் அல்ல, பல துப்பாக்கிகள் போயின. ஆனாலும் ஒரே மாடல் இரண்டு கைகளில் எப்படி இரண்டு பொருளாகிறது பாருங்கள். ஆண்டர்சனையும் புனிதராக்க வேண்டாம். அரசுக் கணக்கில் ஏறியவை பதினைந்து ஆட்கொல்லிகள் மட்டும்தான், மற்றபடி அவரும் வேட்டைப் பிரியராகத்தான் காட்டுக்குள் போனவர்.

நம் இதிகாசங்களை இந்தக் கண்ணோடு ஒருதரம் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கும். அவை வேட்டையைக் கண்டிப்பதில் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை, வேட்டையாடிய விதத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. தசரதன் செய்த தப்பு என்ன? இருட்டில், ஆற்றங்கரையில், குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை தண்ணீர் குடிக்கும் சத்தம் என்று நினைத்து, பார்க்காமலே எய்தான். சப்தவேதி என்று அந்த வித்தைக்குப் பெயர் வேறு. இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையிலும் வேட்டைப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர் சொல்லும் முதல் பாடங்களில் ஒன்று 'குறியை அடையாளம் காணாமல் விசையைத் தொடாதே' என்பது. தசரதன் அந்தப் பாடத்தில் தோற்றான், ராமாயணமே அதிலிருந்துதான் கிளம்பியது. அவனை மன்னித்துவிட ஒரு காரணம் வேண்டுமென்றால் அது அவனுடைய திறமை. அவனைத் தண்டிக்கக் காரணமும் அதே திறமை.

பாண்டு கதை இன்னும் நுட்பம். காட்டில் கூடிக்கொண்டிருந்த மான் ஜோடியைப் பாண்டு எய்தான். ஆண்மான் உருவில் இருந்தவர் கிந்தமர் என்ற முனிவர். சாகும் நேரத்தில் அவர் பேசுவது ஒரு வழக்கறிஞரின் வாதம் போல இருக்கும். நீ மானைக் கொன்றாய் என்று நான் குற்றம் சொல்லவில்லை, அரசர்கள் மான் வேட்டையாடுவது வழக்கந்தான் என்கிறார். ஆனால் கூடுகிற நேரத்தில் கொன்றாயே, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்பதுதான் அவர் வழக்கு. சாபமும் அதற்கேற்றதுதான்: மனைவியைத் தொட்டால் நீயும் சாவாய்.

இதை வைத்துக்கொண்டு ஜவளகிரிக்கு வரலாம். ஓசூருக்குத் தெற்கே, இன்று காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக இருக்கும் பகுதி. ஜோடியை வேட்டைக்காரர் குண்டுக்குப் பறிகொடுத்து, பிறகு தானும் காயப்பட்டு, ஆட்கொல்லியாக மாறிய பெண்புலி. அதைக் கொல்ல ஆண்டர்சன் கடைசியில் கைக்கொண்ட வழி அவருடைய தொண்டை. இணை தேடும் ஆண்புலியின் குரலை வாயால் எழுப்பினார். பெண்புலி பதில் கொடுத்துக்கொண்டே நெருங்கி வந்தது. வந்தது, சுட்டார். குமாவோனில் கார்பெட் 1938-இல் தாக் புலியையும் இப்படித்தான் குரல் கொடுத்து வரவழைத்தார். ஊர் மக்களுக்கு அது விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் கிந்தமர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அந்தக் கதையை வாசித்து முடிக்கிறவருக்கு வெற்றிக் களிப்பு வருவதில்லை, தொண்டையில் என்னவோ மாட்டிக்கொண்டது போலத்தான் இருக்கும். அன்றைக்கு அந்தப் புலியைக் கொன்ற ஆயுதம் எது? வின்செஸ்டரா, குரலா?

பரணில் உட்கார்ந்து காத்திருக்கும் முறையிலும் இதே முள் உண்டு. புலி வரட்டும் என்று கீழே ஓர் எருமைக் கன்றைக் கட்டிவைப்பார்கள். இரவு முழுக்க அது கத்தும். கத்த வேண்டும், அதற்காகத்தான் கட்டியது. ஆட்கொல்லியைக் கொல்வது தர்மமா என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உண்டு. கயிற்றில் கட்டிய கன்றுக்காக வாதாட இதிகாசத்திலும் ஒரு முனிவர் இல்லை.

மகாபாரதத்திலேயே இன்னொரு வேடன் இருக்கிறான், தர்மவியாதன். மிதிலையில் இறைச்சிக் கடை போட்டிருந்தவன். தவத் திமிரோடு வந்த கௌசிகன் என்ற பிராமணனுக்குக் கடையிலேயே தர்மோபதேசம் செய்தான். தான் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்கிறேன் என்றான். உழுகிறவனின் கொழுமுனையில் எத்தனை உயிர் சாகிறது என்று திருப்பிக் கேட்டான். நடக்கும்போதும் படுக்கும்போதும் உயிர்க்கொலை நேர்வதைத் தவிர்க்க முடியாது என்றான். இந்த இடத்தில் வள்ளுவர் கோபித்துக்கொள்வார். புலால் மறுத்தல் அதிகாரத்தில் அவர் வாதம் நேர் எதிர்: தின்கிறவர் இல்லாவிட்டால் கொன்று விற்கிறவரும் இல்லை. கடைக்காரன் கை சுத்தம் என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், வாங்குகிறவனையும் சேர்த்து நிறுத்துவார். அதே வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில், கொலைகாரரை அரசன் தண்டிப்பதைப் பயிருக்குக் களை பிடுங்குவதோடு வைத்துப் பேசுகிறார் என்பதையும் மறக்கக் கூடாது. ஆட்கொல்லிப் புலி இந்த இரண்டில் எந்த அதிகாரத்துக்குள் வரும் என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை.

தர்மவியாதன் கதையில் ரசமான இடம் அவனுடைய முற்பிறவி. போன பிறவியில் அவனும் பிராமணன், வில்வித்தை தெரிந்த ராஜாவின் சிநேகிதன். வேட்டையில் அவன் விட்ட அம்பு மான் என்று நினைத்து ஒரு ரிஷியைத் தைத்துவிட்டது. அந்தச் சாபத்தில்தான் வேடனாகப் பிறந்தான். தசரதன், பாண்டு, இவன். மூன்று பேரும் தவறான இடத்தில் தவறான அம்பை விட்டவர்கள். எய்தவனை மட்டும் நொந்தால் போதும் என்று பழமொழி நினைக்கிறது. ஆனால் இவர்கள் யாருக்கும் கொல்லும் பகை இருக்கவில்லை. கையில் இருந்த வித்தை, அல்லது கருவி, அவர்களைவிட ஓரடி முன்னால் போய்விட்டது.

கருவிக்கே பங்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் சமணர்கள். இல்லறத்தார் நோன்புகளில் 'அனர்த்ததண்ட விரதம்' என்று ஒன்று உண்டு. காரணமில்லாத தீங்கை விலக்குவது. அதில் ஒரு பிரிவு ஹிம்சாதானம்: உயிர் எடுக்கும் கருவியை இன்னொருவருக்குக் கொடுப்பதே குற்றம். கொடுத்தவன் எய்யவில்லை, எய்கிற நினைப்பும் அவனுக்கு இல்லை. இருந்தாலும் கணக்கு அவனிடமிருந்து தொடங்குகிறது. புத்தரும் உபாசகர் செய்யக் கூடாத ஐந்து வியாபாரங்களில் ஆயுத வியாபாரத்தை முதலில் வைத்தார். இந்தப் பார்வையை அப்படியே எடுத்துக்கொண்டால் புனே நகரமே கொஞ்சம் சங்கடப்படும். கராடிக்கு மேற்கே, பெயரில் பாதி ஒலியைப் பகிர்ந்துகொள்ளும் கட்கியில், 1869-ஆம் ஆண்டு முதல் தோட்டாத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருக்கும் கன்டோன்மென்ட் பகுதி அது. கண்டே நவமிக்கு அங்கேயும் இயந்திரங்களுக்கு மாலை விழும். கராடியில் விசைப்பலகை தட்டுகிறவர் தன் மடிக்கணினிப் பொட்டோடு கட்கிக்காரரின் பொட்டை ஒப்பிட்டுத் தன்னுடையது சுத்தம் என்று நினைத்துக்கொள்ளலாம். தான் எழுதும் நிரல் கடைசியில் எந்தக் கருவிக்குள் போய் உட்காருகிறது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியுமா என்பது வேறு.

வின்செஸ்டர் குடும்பத்தைச் சுற்றியே, கருவி கொடுத்தவரையும் பழி சேரும் என்ற பயம் ஒரு கதையாக முளைத்தது. துப்பாக்கி முதலாளியின் மகன் வில்லியம் 1881-இல் இறந்தார். விதவை சாரா வின்செஸ்டர் கலிபோர்னியாவுக்குப் போய் சான் ஹோசேயில் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். 1922-இல் சாகும்வரைக்கும் கட்டிக்கொண்டே இருந்தார் என்பார்கள். நூற்று அறுபது அறை, எங்கேயும் போகாத மாடிப்படி, சுவரில் திறக்கும் கதவு. கணவன் வீட்டுத் துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிகளைச் சாந்தப்படுத்தத்தான் இப்படிக் கட்டினார் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆதாரம் ஒன்றும் கிடையாது, அந்தம்மாள் அப்படிச் சொன்னதாக ஒரு கடிதம்கூட இல்லை. ஆனால் ஊர் அந்தக் கதையை ஏன் கட்டியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவிலும் எய்தவனை நோவது மட்டும் போதவில்லை. அம்பு விற்ற வீட்டுக்கு ஆவிகளை அனுப்பிவைத்தார்கள்.

பழமொழியை முற்றிலும் கவிழ்த்துப் போடும் ஆயுதம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது: அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ மாவு உருண்டைக்குள்ளோ வெடிமருந்தை வைத்துக் காட்டுப்பன்றி வரும் வழியில் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கடித்தால் வாயிலேயே வெடிக்கும். பன்றிக்கு வைத்தது யானைக்கன்றின் வாயில் வெடித்து, தாடை சிதைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினியில் சாகிற செய்தி கோவைப் பக்கத்துக் காட்டோரங்களில் புதிதல்ல. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணி யானை இப்படி வாய் புண்ணாகி, வேதனை தாங்காமல் வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை அமிழ்த்தி நின்றபடியே செத்தது உலகம் பூரா போன செய்தி. இதில் குறி பார்த்தவன் யார்? அந்தக் கணத்தில் எய்தவன் என்று ஒருவன் அங்கே இல்லவே இல்லை. அம்பு மட்டும்தான் இருந்தது. மலைக் கிராமங்களில் உரிமமில்லாமல் புழங்கும் நாட்டுத் துப்பாக்கியும் கிட்டத்தட்ட இந்த ஜாதி. ஒரு வெடிக்குக் கை நிறைய ரவை, எது எங்கே பாயும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது. மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும், காயப்பட்ட விலங்கு அதற்குள் மறைந்திருக்கும். இவற்றோடு ஒப்பிட்டால் ஆண்டர்சனின் வின்செஸ்டர் ஓர் ஒழுக்கமான பிராணி. அதற்காக அது நிரபராதி ஆகிவிடாது. எதை எடுப்பது என்று அலமாரியின் முன் நின்ற நேரத்திலேயே எய்தவன் எய்யத் தொடங்கிவிட்டான், காட்டில் விசையை அழுத்தியது அதன் மிச்சம்.

பக்தி மரபு இதையெல்லாம் வேறு திசையில் கொண்டுபோய்க் கலைத்துவிடுகிறது. பெரிய புராணத்துத் திண்ணனார் பன்றியை விரட்டிக் கொன்று, தீயில் வாட்டி, நல்ல துண்டு எது என்று தன் வாயில் போட்டுப் பார்த்துக் காளத்தி நாதருக்குக் கொண்டுபோனார். ஆகமப்படி பூஜை செய்யும் சிவகோசரியார் எலும்பையும் இறைச்சியையும் பார்த்துத் துடித்துப்போனார். சேக்கிழார் பன்றியின் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே கேள்வி கொல்லலாமா என்பதல்ல, யாருக்காக என்பது. தமிழ்நாட்டுக் கோயில்களில் விஜயதசமி அன்று சாமியே குதிரை வாகனத்தில் பரிவேட்டைக்குக் கிளம்புகிறார். கன்னியாகுமரி பகவதி அம்மன் மகாதானபுரத்துக்குப் போய் அம்பு விடுவாள். அவள் அம்பு பாணாசுரனுக்கு, முயலுக்கு அல்ல என்பது உண்மை. ஆனால் வேட்டை என்ற சொல்லை அவளும் விடவில்லை.

கராடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் ஜெஜுரி. அங்கே மலைமேல் இருக்கும் கண்டோபாவும் வேட்டைக்காரச் சாமிதான். குதிரை உண்டு, நாய் உண்டு, கையில் வாள். மனைவியர் இருவர், வாணி குலத்து மாள்சா, தனகர் இடைக்குலத்துப் பாணாய். முதலாமவள் முறையாகக் கட்டியவள், இரண்டாமவள் காட்டில் காதலித்தவள். திருத்தணியிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. தசராவுக்குக் கண்டோபாவின் நாற்பத்திரண்டு கிலோ வாளை இளைஞர்கள் ஒற்றைக் கையில் ஏந்தி நிற்பார்கள், சிலர் பல்லில் கவ்வித் தூக்குவார்கள். மஞ்சள் பொடி மழையாக விழும். அவ்வளவு கனமான வாளால் யாரையும் வெட்ட முடியாது, தூக்கி நிற்பதே அதன் பயன். அவருடைய அடியார்களுக்குப் பெயர் வாக்யா, அதாவது புலிகள். வடக்கே வார்லி மக்களோ புலியையும் சிறுத்தையையுமே வாகோபா என்று கல்லில் மரத்தில் செதுக்கிக் கும்பிடுகிறார்கள். ஒரே மாநிலத்தில் வேட்டைக்காரனும் சாமி, வேட்டையாடப்படுவதும் சாமி.

அந்தச் சாமி 2025 அக்டோபர், நவம்பரில் புனே மாவட்டத்தின் ஷிரூர் வட்டத்துக்கு வந்தது. கராடி வழியாகப் போகும் நகர் சாலையில் வாகோலி, ஷிக்ராபூர், ராஞ்சண்காவ் என்று போனால் ஷிரூர். அந்த வட்டத்தின் வடமேற்கு மூலையில் பிம்பர்கேட் என்ற கிராமம். சுற்றிலும் கரும்பு. சிறுத்தைகள் கரும்புக்குள்ளேயே குட்டி போட்டு வளர்க்கும், அவற்றுக்கு அதுதான் காடு. இருபது நாள் வாக்கில் மூன்று பேர் செத்தார்கள். ஒரு சிறுமி, ஒரு கிழவி, ஒரு பதின்மூன்று வயதுப் பையன். மக்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள், வனத்துறை வண்டி எரிந்தது. பிறகு உத்தரவு வந்தது.

உத்தரவு எப்படி வரும் என்பதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. பிடிப்பது, மயக்க ஊசி போடுவது, இடம் மாற்றுவது என்று வழிகளை அது அடுக்குகிறது. எதுவும் நடக்காது என்று தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குத் திருப்தி ஏற்பட்டு, காரணத்தை எழுத்தில் பதிவு செய்த பிறகுதான் கொல்லும் அனுமதி. கிந்தமரின் வழக்கை ஒரு சட்டக் குமாஸ்தா படித்துவிட்டு எழுதியது போல இருக்கிறது. கொல்லாதே என்று அது சொல்லவில்லை, எந்தக் கருவியைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. வலை, கூண்டு, ஊசி, கடைசியில் தோட்டா. தனிமனிதன் அலமாரி முன் நின்று செய்த தேர்வை அரசாங்கம் எடுத்துக்கொண்டு படிப்படியாக எழுதி வைத்திருக்கிறது.

நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு, உடற்சூட்டைக் காட்டும் கேமரா பொருத்திய டிரோனில் சிறுத்தை தெரிந்தது. மயக்க ஊசி விட்டார்கள், தவறியது. பாய்ந்து வந்தது, சுட்டுவிட்டோம் என்று வனத்துறை அறிவித்தது. அதாவது முதல் தோட்டா ஊசி, இரண்டாவதுதான் தோட்டா. காலையில் ஊர் திரண்டு வந்து பார்த்தது.

அதற்குப் பிறகும் கரும்பு அப்படியே நின்றது. அதற்குள் வேறு சிறுத்தைகள் இருக்கும் என்று ஊருக்குத் தெரியும். வயல் வேலையை நிறுத்த முடியாது. மேய்ச்சல் நாய்களுக்குக் குரல்வளையைக் காக்கக் கட்டும் ஆணிப்பட்டை இருக்கிறதே, வெளிப்பக்கம் கூர் தெரிய ஆணி அடித்த வளையம், அதைப் பிம்பர்கேட்காரர்கள் தங்கள் கழுத்துக்கே செய்து போட்டுக்கொண்டார்கள். அந்த மாதம் செய்தித் தாள்களில் வந்த படங்களில் ஆணும் பெண்ணும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குனிந்து நின்று வயலில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆணிகள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன.